ஐந்தாம் சனிக்கிழமை

எங்கள் மூவரில் காலண்டர் போடத் தெரிந்தவள் நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. பேருந்து டிப்போவில் நூற்று நாற்பது ஓட்டுநர்களுக்கு டூட்டி போடுகிறவள் நான். யாருக்கு ஓய்வு, யார் விடுப்பு, எந்த வண்டி பட்டறையில் கிடக்கிறது என்று எல்லாவற்றையும் ஒரே மென்பொருளில் ஏற்றி, மேலாளருக்கு ஒரு வியூ, பட்டறைக்கு ஒரு வியூ, ஓட்டுநருக்கு ஒரு வியூ என்று பிரித்துக் கொடுப்பேன். தகவல் ஒன்றுதான். அதில் யார் கண்ணுக்கு எது தெரிய வேண்டும், எது தெரியக் கூடாது என்பதுதான் வியூ. புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களிடம் இதை ஏதோ நானே கண்டுபிடித்தது போலச் சொல்வேன்.

எனக்கென்றும் ஒன்று வைத்திருந்தேன். 'ஓட்டை' என்று அதற்குப் பெயர் கொடுத்திருந்தேன். ஆள் போடாத டூட்டிகள் மட்டும் அதில் சிவப்பாகத் தெரியும். காலையில் போனதும் முதலில் அதைத்தான் திறப்பேன். அதில் ஒரு சிவப்பும் இல்லையென்றால்தான் டீ.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. இடது கை மட்டும் அவர் சொன்னதைக் கேட்டது. தண்ணீரைக்கூட மாவு கலந்து கெட்டியாக்கி ஸ்பூனால்தான் புகட்ட வேண்டும், இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டர் எங்களை வரிசையாக நிற்க வைத்துச் சொன்னார்: "இவரத் தனியா விடவே கூடாது. ஒரு வேளைகூட." நாங்கள் மூவரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி தலையாட்டினோம்.

அப்பா இருந்தது மூன்றாவது மாடியில், அவருடைய பழைய வீட்டில். பார்த்துக்கொள்ள ஓர் அம்மாளை வைத்தோம். திங்கள் காலை ஏழு மணிக்கு வருவார், அங்கேயே தங்கி, சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கிளம்பிவிடுவார். அந்த நேரத்தை விட்டால் அவர் ஊருக்குப் பேருந்து இல்லை. சனிக்கிழமை எட்டு மணியிலிருந்து திங்கள் காலை வரை எங்கள் பொறுப்பு. நடுவில் அந்த ஒரு மணி நேரம் அப்பா தூங்கிக்கொண்டிருப்பார் என்பதால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வார இறுதிகளை நான் பங்கு பிரித்தேன். மாதத்தின் முதல் சனிக்கிழமை அண்ணன், இரண்டாவது அக்கா, மூன்றாவது நான். நான்காவது சனி மட்டும் முறை வைத்து, ஒரு மாதம் ஒருவருக்கு. ஒவ்வொன்றையும் 'மாதந்தோறும் முதல் சனி', 'மாதந்தோறும் இரண்டாம் சனி' என்று தானாகத் திரும்ப வருகிற மாதிரி போட்டேன். மூன்று வாரத்துக்கொரு முறை என்று போட்டிருக்கலாம். ஆனால் அண்ணனுக்கு எதையும் மனதில் நிறுத்தத் தெரியாது. முதல் சனி என்றால் அவனுக்குக்கூட மறக்காது என்று நினைத்தேன்.

நீலம் அண்ணன், பச்சை அக்கா, ஆரஞ்சு நான். மூன்று பேர் போனிலும் எல்லாம் தெரிந்தது. அதுதான் வம்பாகப் போயிற்று.

"என்ன வாலு, நீலம் மட்டும் ரெண்டு இருக்கு? உங்களுக்கெல்லாம் ஒண்ணு ஒண்ணுதான்?" என்று அண்ணன் முதல் மாதமே ஆரம்பித்தான். வாலு என்பது நான். நாற்பத்தோரு வயதிலும் வாலுதான்.

"நாலாவது வாரம் முறை வச்சு வருது. அடுத்த மாசம் எனக்கு ரெண்டு வரும். அப்ப வந்து எண்ணு" என்றாள் அக்கா.

"எண்ணத்தான் போறேன்."

"எண்ணுடா. பெத்த அப்பனைக் கட்டம் கட்டமா எண்ணு."

அக்கா கணக்கு டீச்சர். அவளும் எண்ணினாள் என்பது எனக்குத் தெரியும். ஞாயிறு மதியமே அண்ணன் என்னை வரச் சொல்லிவிட்டு நழுவிய நாளுக்கு அவன் நீலம் முழுதாக நிற்கிறது, தான் வெள்ளி இரவே போய்த் தங்கியதற்குப் பச்சையே இல்லை என்று என்னிடம் தனியாக ஒரு பாட்டம் அழுதாள். நான் மட்டும் என்ன ஒழுங்கு? எனக்கு இரண்டு வருகிற மாதம் எது என்று முன்கூட்டியே தள்ளிப் பார்த்துவைத்தேன். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அப்பாவின் மலச்சிக்கலைப் பற்றிப் பேசியதைவிட நிறங்களைப் பற்றிப் பேசியதுதான் அதிகம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. யாருடைய நிறமும் யாருடைய கண்ணிலும் படக் கூடாது என்று உட்கார்ந்தேன். அண்ணன் போனில் நீலம் மட்டும் தெரிகிற மாதிரி ஒரு வியூ. அக்கா போனில் பச்சை மட்டும். என் போனில் ஆரஞ்சு மட்டும். மற்றதெல்லாம் வடிகட்டியில் நின்றுவிட்டது. கால் மணி நேர வேலை. அன்றிலிருந்து சண்டை நின்றது. தன் நாள் வந்தால் போனார்கள், இல்லையென்றால் நிம்மதியாக இருந்தார்கள். "வாலு, நீ பெரிய மேதாவிதான்" என்று அண்ணன் எழுதினான். நான் அதைப் பலமுறை எடுத்துப் படித்தேன்.

வீட்டுக்கும் ஓர் 'ஓட்டை' வியூ போடலாமா என்று அன்றைக்கே யோசித்தேன். பெயரைக்கூடத் தட்டிவிட்டேன். பிறகு அழித்துவிட்டேன். ஏன் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஓட்டையைப் பார்க்கிறவள்தான் அதை அடைக்க வேண்டும். டிப்போவில் அது என் வேலை. வீட்டில் ஒரு முறை பார்த்துவிட்டால் ஒவ்வொரு முறையும் என் தலையில்தான் விடியும். அதனால் பார்க்காமல் இருக்க முடிவு செய்தேன்.

எல்லாம் தெரிகிற வியூ ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது. அது அப்பாவுடையது. அவர் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் ஒரு டேப்லெட்டை மாட்டி, மாதம் முழுக்கப் பெரிய கட்டங்களாகத் தெரிகிற மாதிரி வைத்திருந்தேன். நிறங்களுக்குப் பதில் முகங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை அந்த அம்மாளின் முகம். சனி, ஞாயிறுக்கு எங்களில் ஒருவர் முகம். யார் வருவார்கள் என்று அப்பா தெரிந்துகொள்ளட்டும் என்றுதான். நாங்கள் யாரும் அதைப் பார்ப்பதில்லை. எங்கள் முறை எங்கள் போனில் இருந்தது. அப்பா முப்பத்து நான்கு வருடம் தபால் பிரித்தவர். சுவர் நிறைய மரக் கட்டங்கள், அதில் எது காலி, எதில் தப்புக் கடிதம் கிடக்கிறது என்று வாசலில் நின்றே சொல்லிவிடுவார் என்று அவருடன் வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள்.

முதல் மூன்று மாதங்களும் நான்கு நான்கு சனிக்கிழமைகளோடு முடிந்தன. நான்காவது மாதத்தில் ஐந்து இருந்தன.

அந்த மாதம் மூன்றாவது சனிக்கிழமை நான் போயிருந்தேன். அப்பாவுக்கு முகம் துடைத்து, சட்டை மாற்றி, ஸ்பூனால் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது அவர் வாயை மூடிக்கொண்டு இடது கையைத் தூக்கினார். டேப்லெட்டைக் காட்டினார். "ங்கா, ங்கா" என்று சத்தம் வேறு. நான் திரும்பிப் பார்த்தேன். ஜன்னல் வெளிச்சம் பட்டுத் திரை பளபளவென்று இருந்தது.

"என்னப்பா, கண்ணு கூசுதா?"

அவர் தலையை ஆட்டினார். ஆமாம் என்றா, இல்லை என்றா என்று இப்போதுதான் யோசிக்கிறேன். நான் எழுந்து போய்த் திரையின் வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு வந்தேன். மறுபடியும் காட்டினார். இன்னும் குறைத்தேன். கண்ணை மூடிக்கொண்டார். சரியாகிவிட்டது என்று நினைத்தேன். போகும்போது அந்த அம்மாளுக்கு ஒரு சீட்டு எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன்: 'திரையைக் காட்டினால் வெளிச்சத்தைக் குறைத்துவிடுங்கள்.' நான் பொறுப்பான மகள் அல்லவா.

மாதக் கடைசி வெள்ளிக்கிழமை டிப்போவில் என் 'ஓட்டை' முழுக்கச் சிவப்பு. ஐந்தாம் சனி வருகிற மாதத்தில் எப்போதும் அப்படித்தான், வார ஓய்வு முறையில் அந்த ஒரு நாள் எவருக்கும் சேராமல் தொங்கும். பதினோரு டூட்டி. போனில் கெஞ்சி, மிரட்டி, மாலை நான்கு மணிக்குள் பதினொன்றையும் அடைத்தேன். மேலாளர் எட்டிப் பார்த்து, "உங்க கண்ணுல இருந்து எதுவும் தப்பாதும்மா" என்றார். பையைத் தூக்கிக்கொண்டு சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன். ஐந்தாம் சனி என்ற சொல்லை அன்றைக்கு இருபது முறையாவது சொல்லியிருப்பேன். அப்பா ஒரு முறைகூட நினைவுக்கு வரவில்லை.

சனிக்கிழமை என் போனில் ஆரஞ்சு இல்லை. ஒன்பது மணி வரை தூங்கினேன். திரைச்சீலைகளைத் துவைத்துப் போட்டேன். அண்ணன் காரை சர்வீஸுக்கு விட்டுவிட்டு நண்பனோடு படம் பார்த்திருக்கிறான். அக்கா தன் இரட்டைப் பிள்ளைகளை நீச்சலுக்குக் கூட்டிப்போயிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா போன் செய்தாள், முக்கால் மணி நேரம் பேசினோம். "அப்பா எப்படி இருக்காரு?" என்று நான் அவளைக் கேட்கவில்லை. அவள் முறையாக இருந்து, நான் கேட்டு, குறை கண்டுபிடிக்கிறேன் என்று அவள் நினைத்துவிட்டால்? அவளும் அதே காரணத்துக்காக என்னைக் கேட்கவில்லை என்று பிறகு சொன்னாள். அண்ணன் பெயரைக்கூட இருவரும் எடுக்கவில்லை. அவ்வளவு நாகரிகமாக ஆகியிருந்தோம்.

திங்கள் காலை ஏழேகாலுக்கு அந்த அம்மாளிடமிருந்து போன் வந்தது.

"ஏம்மா, இங்க யாரு இருந்தீங்க?"

"ஏன்?"

"யாருமே இல்லையேம்மா. நான் வெள்ளிக்கிழமை மடிச்சு வச்ச துணி அப்படியே இருக்கு. தண்ணி சொம்பு மூடி வச்சது வச்ச மாதிரியே இருக்கு." அதற்குப் பிறகு அழுதுவிட்டார். நான் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியபடியே ஓடினேன்.

அப்பாவுக்கு உயிர் இருந்தது. உதடு வெடித்து, நாக்கு மரக்கட்டையாகி, படுக்கை முழுக்க நனைந்து காய்ந்து மறுபடி நனைந்திருந்தது. இடது கையில் அழைப்பு மணியின் பொத்தானை இறுக்கிப் பிடித்திருந்தார். ஆம்புலன்ஸ்காரர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. அந்த மணி அடுத்த அறையில் தூங்குகிறவர்களை எழுப்புவதற்காக அண்ணன் வாங்கி மாட்டியது. அது வீட்டுக்குள் மட்டும்தான் அடிக்கும்.

ஸ்ட்ரெச்சரை இறக்கும்போது இரண்டாவது மாடிக்காரர் கதவைத் திறந்துகொண்டு நின்றார். "சனிக்கிழமை பூரா மணி அடிச்சுக்கிட்டே இருந்துச்சும்மா. ஞாயித்துக்கிழமையும் அடிச்சுது. மத்தியானத்துக்கு மேல நின்னுடுச்சு. சரி, கவனிச்சுட்டாங்கன்னு நெனச்சேன்" என்றார். நல்ல மனிதர்.

ஆஸ்பத்திரி தாழ்வாரத்தில் முதலில் அண்ணன் வந்தான், பின்னாலேயே அக்கா. டாக்டர் ஒருத்தி, படிப்பு முடித்து இரண்டு வருடம்கூட ஆகியிருக்காது, பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "சனி, ஞாயிறு அவர்கூட யாரு இருந்தீங்க?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவள் மறுபடி கேட்டாள்.

"ஒரு சின்னக் குழப்பம் ஆயிடுச்சு டாக்டர்" என்றான் அண்ணன். அவள் அதை அப்படியே எழுதிக்கொண்டு போனாள்.

டாக்டர் நகர்ந்ததும் அக்கா தன் போனை அண்ணன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "பாரு. என் வியூல இல்ல. உன்னோடதுன்னு நெனச்சேன்."

"என்னோடதா? இந்தா, நீயே பாரு. எனக்கும் இல்ல. நான் வாலுன்னு நெனச்சேன்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நானும் என் போனைத் திறந்து காட்டினேன். மூன்று போனிலும் அந்தச் சனிக்கிழமை வெள்ளையாக இருந்தது. மற்றவர் முறை வருகிற நாளெல்லாம் எப்படி வெள்ளையாக இருக்குமோ, அதே வெள்ளை. மூவரில் ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் பொய் சொல்லியிருந்தால் மற்ற இருவராவது தப்பித்திருப்போம்.

"முதல் சனி, ரெண்டாவது, மூணாவது, நாலாவதுன்னு போட்டேன்" என்றேன். "அஞ்சாவதுக்கு யாரையும் போடல."

"அஞ்சாவதுன்னு ஒண்ணு வரும்னு உனக்குத் தெரியாதா? இதானே உன் பொழப்பு?" என்றான் அண்ணன்.

"தெரியும்."

அவன் கையை ஓங்கினான். ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் சுவரில் வைத்துக்கொண்டான். அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சிறுநீரகம் முதலில் நின்றது, அப்புறம் நெஞ்சில் சளி. புதன்கிழமை ஒரு முறை அப்பா கண் திறந்து எங்களை வரிசையாகப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. மூன்று முகமும் ஒன்றாக வந்திருப்பதைப் பார்த்து, இன்று யார் முறை என்று கேட்பது போலத்தான் பார்த்தார். வியாழக்கிழமை மதியம் போய்விட்டார்.

காரியங்கள் முடிந்து பத்து நாள் கழித்து மூவரும் வீட்டைக் காலி செய்யப் போனோம். அந்த அம்மாளும் தன் பையை எடுக்க வந்திருந்தார். அண்ணன் கட்டிலைக் கழற்றினான். நான் சுவரிலிருந்து டேப்லெட்டை எடுத்தேன். கறுப்பாக இருந்தது. சார்ஜ் போயிருக்கும் என்று நினைத்தேன். வயர் சொருகியேதான் இருந்தது.

"ஓடிக்கிட்டுதாம்மா இருக்கு. வெளிச்சம்தான் இல்ல" என்றார் அந்த அம்மாள். "கடைசி பதினஞ்சு நாளும் அதையேதான் காட்டிக்கிட்டு இருந்தாரு. நீங்க சீட்டுல எழுதியிருந்தீங்களே, அதனால அவர் காட்டக் காட்ட நான் கொறச்சுக்கிட்டே வந்தேன். கடைசில ஒண்ணுமே தெரியல. அப்பவும் காட்டினாரு. இதுக்கு மேல எப்படிய்யா கொறைக்கிறதுன்னு நான்கூட அதட்டிட்டேன்."

விரலால் வெளிச்சத்தை ஏற்றினேன். புது மாதம் தெரிந்தது, முகங்களோடு. பின்னால் தள்ளினேன். போன மாதம் வந்தது. வரிசை வரிசையாக முகங்கள். அந்த அம்மாள் ஐந்து, பக்கத்தில் அண்ணன் இரண்டு. அந்த அம்மாள் ஐந்து, அக்கா இரண்டு. அப்புறம் நான், அப்புறம் மறுபடி அண்ணன். கடைசி வரிசையில் அந்த அம்மாள் ஐந்து முறை இருந்தார், பக்கத்தில் இரண்டு கட்டம் வெள்ளை. மாதம் முழுக்க வேறெங்கும் வெள்ளை இல்லை. சின்னப் பிள்ளைக்குக்கூடக் கண்ணில் படும்.

"அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றேன். "கண்ணு கூசலக்கா அவருக்கு. இதைத்தான் காட்டியிருக்காரு. என்கிட்ட மூணாவது வாரமே காட்டினாரு. நான் வெளிச்சத்தைக் கொறச்சேன்."

அக்கா டேப்லெட்டை வாங்கி நெடுநேரம் பார்த்தாள். "என்கிட்டயும் காட்டினாரு" என்றாள். "இனிமே எப்ப வருவேன்னு கேக்கறாருன்னு நெனச்சு, அடுத்த மாசத்துக்குத் தள்ளி என் மூஞ்சியக் காட்டினேன். இங்க பாருப்பா, இந்த ரெண்டாவது சனி வந்துடுவேன்னு. அவர் கைய உதறினாரு. கோவிச்சுக்கிறாருன்னு நெனச்சேன்."

நாங்கள் அண்ணனைப் பார்த்தோம். நான்காவது சனி அவனுடையது. அதற்கு அடுத்ததுதான் அந்த நாள். அவன் கட்டில் காலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அப்பா அவனிடம் என்ன காட்டினார் என்று நாங்கள் கேட்கவில்லை. கட்டில் காலைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்தான்.

"வாலு, அதுல இப்பப் போட முடியுமா?"

"எதை?"

"அந்த ரெண்டு கட்டத்துல. என் மூஞ்சியப் போடு. முடியுமா?"

முடியும். கடந்துபோன நாளில் ஆள் போட்டால் அந்த மென்பொருள் ஒரு கேள்வியும் கேட்காது. டிப்போவில் இதற்காகவே நான் தனியாகப் பூட்டு வைத்திருக்கிறேன். வீட்டில் அதுவும் வைக்கவில்லை. தேதியைத் தொட்டு, சனி எட்டு மணி முதல் திங்கள் ஏழு மணி வரை என்று போட்டு, அவன் பெயரைத் தேர்ந்தெடுத்தேன். இரண்டு வெள்ளைக் கட்டத்திலும் அண்ணன் வந்துவிட்டான். அக்கா பிள்ளைகளின் பிறந்தநாளில் எடுத்த படம், வாய் நிறையச் சிரிக்கிறான். மாதம் முழுசாகிவிட்டது.

மூவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அண்ணன் விம்ம ஆரம்பித்தான். முதலில் மெதுவாக, பிறகு சத்தமாக. அவனை நான் அப்படிப் பார்த்ததில்லை.

"எடுத்துடு" என்றாள் அக்கா.

எடுத்தேன். இப்போது அந்த மாதம் மூன்று பேர் போனிலும் அந்த இரண்டு வெள்ளைக் கட்டத்தோடு முழுசாகத் தெரிகிறது. வடிகட்டியை அன்றைக்கே அங்கேயே நின்று கழற்றிவிட்டேன். முறை வருகிற சனிக்கிழமைகளில் காலை எட்டு மணிக்கு யாராவது ஒருவர் போனில் 'அப்பா' என்று மணி அடிக்கிறது. அதை நிறுத்த வேண்டும் என்று மூவருமே சொல்கிறோம், நிறுத்தத் தெரிந்தவள் நான்தான். ஐந்தாம் சனி வந்தால் மட்டும் எங்கும் அடிப்பதில்லை. அன்றைக்கு நான் எட்டு மணிக்கு அப்பா வீட்டுப் பழைய சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பி, மூன்றாவது மாடி வரை ஏறி, வேறு யாரோ குடியிருக்கிற அந்தக் கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்கி வருகிறேன்.